ஊசியின் இடத்தில் கொக்கி

மார்ச் 4

அன்புள்ள ஊசிக்கு,

போனில் என்னைத் தடுத்து வைத்திருக்கிறாய். உன் அண்ணன் போனிலிருந்து கூப்பிட்டால், என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். தபால்காரரை யாரும் தடுத்து வைக்க முடியாது என்பதால் தாளை எடுத்தேன். பள்ளிக்கூடம் முடித்த பிறகு நான் எழுதும் முதல் கடிதம். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

ஊர் வந்து சேர்ந்து வேலையிலும் ஏறிவிட்டேன். இந்தக் கட்டடத்தில் கிரேன் முந்தியதைவிட உயரம். ஏணி ஏறி உட்காரவே அரை மணி ஆகிறது. ஏறினால் சாயங்காலம்தான் இறக்கம். சாப்பாட்டு டப்பா, தண்ணீர், காதில் கீழே நிற்பவர் சொல்லும் "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், நிறுத்து". அவ்வளவுதான் துணை. யோசிக்க நிறைய நேரம் கிடைக்கிறது.

உன் இடத்தை நான் கேட்கவில்லை. இரண்டு வேலைக்கு நடுவில் மூன்று வாரம் உன் வீட்டில் சும்மா இருந்தேன். நீதான் அந்த வி.ஆர். கண்ணாடியைக் கழற்றி என் தலையில் மாட்டி, "கொஞ்சம் பாத்துக்குங்க அண்ணி, எனக்குக் குமட்டுது" என்று குளியலறைக்கு ஓடினாய். உள்ளே பார்த்தால் மலை உச்சி, கோட்டைச் சுவர், கீழே பாதாளம். நீ வருஷக்கணக்காக டிவியில் ஆடிய அதே மலைக்காவல் ஆட்டம்தான். ஆனால் சுவரில் நானே நிற்கிறேன். எனக்கு வேலைக்குப் போன மாதிரி இருந்தது. எட்டிப் பார்த்தேன், தொங்கினேன், சிரித்தேன். உன் அணியில் கேப்டன், மருந்துக்கடைக்காரர், தூங்குமூஞ்சி மூன்று பேரும் "யாரு இது?" என்றார்கள். கிரேன் ஓட்டுகிறவள் என்றதும் கொக்கி என்று பெயர் வைத்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீ கண்ணாடியை மாட்டிக்கொண்டு உள்ளே போனபோது கேப்டன், "ஊசியா? கொக்கி வரலையா இன்னிக்கு?" என்று கேட்டது தப்பு. ஆனால் அவர் கேட்டதற்கு நான் என்ன செய்வேன்? கண்ணாடியைப் பெட்டியில் போட்டு என் பையில் திணித்தாய். "எடுத்துட்டுப் போங்க. மொத்தமா எடுத்துட்டுப் போங்க." விளையாட்டுக்குச் சொல்கிறாய் என்று சிரித்துவிட்டேன். அது என் தப்பு.

இப்போதும் உன் கணக்கில்தான் ஆடுகிறேன். கேப்டன் சொன்னதால் பெயரை மட்டும் கொக்கி என்று மாற்றினேன். பக்கத்தில் உன் ஒன்பது வருஷத்து நட்சத்திரங்கள் மின்னுகின்றன. கூச்சமாக இருக்கிறது. புதுக் கணக்கு என்றால் அடிமட்டத்திலிருந்து ஏற இரண்டு மாதமாகுமாம். போட்டியின் தேர்வுச் சுற்று இருபதாம் தேதி. என்ன செய்யட்டும், ஒரு வரி எழுது.

அண்ணி


மார்ச் 11

அண்ணிக்கு,

அன்புள்ள என்று எழுதக் கை வரவில்லை. பொய் எழுதுவானேன்.

கணக்கை வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி, அணி, கேப்டன் எல்லாம் போன பிறகு நட்சத்திரத்தை மட்டும் வைத்து நான் என்ன, மாலையா கட்டப்போகிறேன்?

என் வேலை உங்களுக்குத் தெரியும். பல் லேபில் நாளெல்லாம் பல் கேப் இழைக்கிறேன். ஒரு முடி அளவு பிசகினால் மாட்டிக்கொள்கிறவர் வாயை மூட முடியாது. என் விரல் பிசகாது. அதே விரலால்தான் ஒன்பது வருஷம் அந்தக் கோட்டையைக் காத்தேன். நாலாயிரத்து அறுநூறு ஆட்டம். ஊசி என்ற பெயர் சும்மா வரவில்லை.

இந்தக் கண்ணாடி வரப்போகிறது என்று கம்பெனி சொன்னபோது கேப்டன் முணுமுணுத்தார். "டிவியைக் கட்டிக்கிட்டு அழப்போறீங்களா?" என்று அவரிடம் சண்டை போட்டதே நான்தான். எங்கள் தெருவில் முதலில் வாங்கியதும் நான்தான். முதல் நாள் உள்ளே போனேன். ஒன்பது வருஷம் கட்டைவிரலால் காத்த சுவர் கண்ணுக்கு எதிரே நின்றது. கையை நீட்டினேன். கல்லில் கீறல் இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அழுதுவிட்டேன் அண்ணி, உங்களிடம்கூடச் சொல்லவில்லை. ஏழாவது நிமிஷம் வாளி.

மாத்திரை போட்டேன். மின்விசிறியை முகத்துக்கு நேரே வைத்தேன். உட்கார்ந்து, படுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஆடினேன். டாக்டர் சொன்னார்: "கண்ணு நடக்கறேங்குது, காது உக்காந்திருக்கேங்குது. சிலருக்கு ஒத்துக்காதுங்க, விட்டுடுங்க." விட்டுடுங்க! அவருக்கென்ன. இனிமேல் பெரிய போட்டி எல்லாம் கண்ணாடிக்குள்தான் என்று கம்பெனி அறிவித்துவிட்டது. டிவியில் ஆடுகிறவர்கள் பொழுதுபோக்காக ஆடிக்கொள்ளலாமாம்.

நான் வாளியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, கூடத்தில் நீங்கள் வாய் விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

அண்ணனைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

ஊசி


மார்ச் 24

அன்புள்ள ஊசிக்கு,

உன் கடிதத்தை மேலே கூண்டில் உட்கார்ந்து படித்தேன். கீழே இருப்பவர் மூன்று தரம் கூப்பிட்டிருக்கிறார், எனக்குக் கேட்கவில்லை. நல்லவேளை கொக்கியில் சுமை இல்லை.

சிரித்ததற்கு என்னை மன்னித்துக்கொள்.

தேர்வுச் சுற்றில் தேறிவிட்டோம். இதைச் சொன்னால் உனக்கு வலிக்கும், சொல்லாவிட்டால் ஒளித்தேன் என்பாய். நான் சுவரிலிருந்து ஒரு கையால் தொங்கி எதிராளியின் காலைத் தட்டிவிட்டதை யாரோ வீடியோவாக வெட்டி நெட்டில் போட்டிருக்கிறார்கள். மூன்று லட்சம் பேர் பார்த்தார்களாம். உன் அண்ணன் ஆபீசில் எல்லாருக்கும் காட்டி மானத்தை வாங்கினார். ஆட்டத்தில் ஒருத்தன் என் குரலைக் கேட்டு, "அக்கா, வீட்ல சமையல் ஆயிடுச்சா?" என்றான். "ஆயிடுச்சு தம்பி, உன்னை முடிச்சிட்டு வந்து சாப்பிடறேன்" என்றேன். அதற்கும் ஒரே கைதட்டல்.

எனக்குத் தொங்கத்தான் தெரியும் ஊசி. யோசிக்கத் தெரியாது. உன் இடத்தில் நிற்கிறேனே தவிர உன் வேலையைச் செய்யவில்லை. மேற்கு வாசலில் ஒவ்வொரு தரமும் உடைத்து உள்ளே வந்துவிடுகிறார்கள். "ஊசி இருந்தா தட்டிச் சொல்லிடும்" என்று கேப்டனே பெருமூச்சு விட்டார். நீ ஏன் மைக்கில் பேசவே மாட்டாய்? எல்லாவற்றையும் ஏன் எழுத்தாகத் தட்டியே சொன்னாய்? நீ பெண் என்பதே நாலாவது வருஷம்தான் தெரிந்தது என்கிறார் கேப்டன். நிஜமா?

மேற்கு வாசலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லேன்.

அண்ணி


ஏப்ரல் 1

அண்ணிக்கு,

நிஜம்தான்.

முதல் வருஷம் பேசினேன். "இடது பக்கம் ரெண்டு பேர்" என்றேன், அவ்வளவுதான். "யாருடா அது, பொம்பளைக் குரல்? அடுப்பை அணைச்சிட்டு வந்தியாம்மா?" என்றான் ஒருத்தன். சிரிப்பு. இன்னொருத்தன் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டான். எதிரணியில் இருந்தவன் தோற்ற கோபத்தில் சொன்னதை எழுத முடியாது. ஒருவன் மூன்று மாதம் துரத்தினான். எந்த ஆட்டத்துக்குப் போனாலும் வந்து, என் குரலை மாதிரியே பேசிக் காட்டுவான். கேட்கிற மற்றவர்களில் ஒருத்தனும் "விடுடா" என்று சொன்னதில்லை.

மைக்கை அணைத்தேன். தட்டிச் சொல்லப் பழகினேன். ஊமை என்றார்கள், பிறகு அண்ணே என்றார்கள். அந்த அண்ணே எனக்குப் பிடித்திருந்தது என்பதுதான் வெட்கக்கேடு. சுடவும் வேண்டும், தட்டவும் வேண்டும். அதனால்தான் என் விரல் இவ்வளவு வேகம். என் திறமையில் பாதி பயத்தில் முளைத்தது.

நீங்கள் மூன்றாவது வாரத்திலேயே "உன்னை முடிச்சிட்டு வந்து சாப்பிடறேன்" என்கிறீர்கள். கை தட்டுகிறார்கள். அதே வாய்கள், அண்ணி. காலம் மாறிவிட்டதாம், இப்போது பெண்கள் ஆடினால் பெருமையாம். மாறட்டும், நல்லதுதான். ஒன்பது வருஷம் முன்னால் மாறியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? எனக்கு உங்கள் மேல் பொறாமை. சுற்றி வளைக்காமல் எழுதிவிட்டேன். தொங்குவதற்கு இல்லை, வாந்தி வராததற்குக்கூட இல்லை. பயமே தெரியாமல் வாயைத் திறக்கிறீர்களே, அதற்கு.

மேற்கு வாசல்: எல்லாரும் அதை மூடப் பார்ப்பார்கள். மூடாதீர்கள், திறந்தே விடுங்கள். மூடிய வாசலை உடைக்க நாலு பேரும் வருவார்கள். திறந்திருந்தால் பொறி என்று பயந்து ஒருத்தனைத்தான் அனுப்புவார்கள். அவனை விட்டுவிடுங்கள், உள்ளே சுற்றட்டும். ஒன்றும் இல்லை என்று அவன் சொல்லி இரண்டாவது ஆள் நுழையும்போது மேலே இருந்து நீங்கள் இறங்க வேண்டும். மருந்துக்கடைக்காரர் படிக்கட்டில் நிற்கட்டும். தூங்குமூஞ்சி கிணற்றுப் பக்கம். அவன் ஆள் அசமந்தம், குறி தப்பாது.

இது நான் இரண்டு வருஷம் யோசித்தது. பத்திரம்.

ஊசி


ஏப்ரல் 19

என் கண்ணே ஊசி,

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. உன் கணக்கைப் பூட்டிவிட்டார்கள். நிரந்தரமாகவாம். ஒன்பது வருஷம், நாலாயிரத்து அறுநூறு ஆட்டம், எதுவும் இல்லை. என்னால்தான்.

அரையிறுதியில் மேற்கு வாசலைத் திறந்து வைத்தோம். நீ எழுதியது எழுதியபடி நடந்தது. நுழைந்தான், சுற்றினான், போய்ச் சொன்னான், இரண்டாவது ஆள் வந்தான், நான் இறங்கினேன். வர்ணனை செய்கிறவர் "கொக்கி வாசல்" என்று கத்தினார். அதுவே பெயராகி ஊரெல்லாம் அதுதான் பேச்சு. யாருடைய யோசனை என்று என்னைக் கேட்டார்கள். உன் பெயரைச் சொன்னால் கணக்கு விஷயம் வெளியே வந்துவிடும் என்று வாயை மூடிக்கொண்டேன். நீ அதைப் பார்த்திருப்பாய். பார்த்திருக்கக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேன்.

அடுத்த நாள் போட்டி நடத்துகிறவர்களுக்கு யாரோ புகார் எழுதியிருக்கிறார்கள். கொக்கி ஆடுவது அவளுடைய கணக்கு இல்லை, விதிப்படி ஒரு கணக்கு ஒரு ஆள்தான் என்று. என்னைக் கேட்டார்கள், ஆமாம் என்றேன். இறுதி ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் அணியை வெளியே அனுப்பினார்கள். அது போகட்டும். உன் கணக்கைத் திருப்பிக் கொடுங்கள், அவளுக்கு ஒன்றும் தெரியாது, நான் திருட்டுத்தனமாக ஆடினேன் என்று கம்பெனிக்கு மூன்று கடிதம் போட்டேன். முடியாதாம்.

இந்த விஷயம் தெரிந்தது நம் ஐந்து பேருக்குத்தான். கேப்டன் தூங்குமூஞ்சியைப் பிடித்துக்கொண்டார். ஒரு மாதமாக அவன் ஆட்டத்தில் மந்தமாக நின்றான், கூப்பிட்டால் தாமதமாகத் திரும்பினான், அணியை விட்டுப் போக வழி பார்த்திருக்கிறான் என்கிறார். அவன் "நான் இல்லைங்க" என்று ஒரே ஒரு தரம் சொன்னான். நீக்கிவிட்டார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் வேறு யார்? உன்னை யாரும் நினைக்கவே இல்லை. தன் கணக்குக்குத் தானே யாராவது கொள்ளி வைப்பார்களா?

திட்டியாவது ஒரு கடிதம் போடு.

அண்ணி


ஏப்ரல் 26

அண்ணி,

போனில் உங்களைத் தடுத்ததை எடுத்துவிட்டேன். ஆனால் இதை வாயால் சொல்ல முடியாது. புகார் எழுதியது நான்.

லேபில் சாப்பாட்டு இடைவேளை. கூட வேலை செய்கிறவள் போனை நீட்டி, "இதைப் பாருங்களேன், கொக்கி வாசலாம், என்னமா யோசிச்சிருக்காங்க!" என்றாள். பார்த்தேன். என் வாசல், என் கிணறு, என் படிக்கட்டு. உங்களைக் கேட்கிறார்கள். நீங்கள் சிரித்துவிட்டுத் தலையைக் குனிகிறீர்கள். அந்தக் குனிதல் அடக்கம் மாதிரி தெரிந்தது. அதற்கும் புகழ்ச்சி. கையில் பாதி இழைத்த கடைவாய்ப் பல் இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டுப் பத்து வரி எழுதி அனுப்பினேன். பெயர் போடவில்லை. திரும்பப் பல்லை எடுத்து இழைத்தேன், சரியாகப் பொருந்தியது.

சாயங்காலம் வரை சந்தோஷமாக இருந்தேன் என்பதையும் எழுதுகிறேன். எதிரிக்குச் சகுனத் தடையாக மூக்கை அறுத்துக்கொண்ட கதை எல்லாருக்கும் தெரியும். அறுத்தவனுக்கு அந்த நேரத்தில் வலித்திருக்காது என்று இப்போது தெரிகிறது. நாலு நாள் கழித்து டிவியைப் போட்டேன். "இப்படி ஒரு கணக்கு இல்லை" என்று வந்தது. அதற்கு மேல் உங்கள் கடிதம். எனக்காக மூன்று தரம் கெஞ்சியிருக்கிறீர்கள்.

கேப்டனுக்கும் மருந்துக்கடைக்காரருக்கும் எழுதிவிட்டேன். தூங்குமூஞ்சிக்குத் தனியாக எழுதினேன். யாரிடமிருந்தும் பதில் இல்லை.

அண்ணனிடம் நீங்களே சொல்லுங்கள். எனக்குத் தைரியம் இல்லை.

ஊசி


மே 8

ஊசிக்கு,

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். முதல் ஒன்பது நாள் எழுதியதை எல்லாம் கிழித்துவிட்டேன்.

போட்டி போனதற்குக் கோபம் இல்லை. எனக்குக் கிரேன் இருக்கிறது. கோபம் எதற்கென்றால், நீ ஒரு வார்த்தை என்னிடம் சொல்லவில்லை. "இறங்குங்க அண்ணி" என்று ஒரு வரி போட்டிருந்தால் இறங்கியிருப்பேன். அது உனக்குத் தெரியும். தெரிந்தும் பெயர் போடாத கடிதத்தை ஊரான் யாருக்கோ எழுதினாய். வாய் செத்த ஒரு மனிதன் உன் பழியைச் சுமந்துகொண்டு போனான்.

நானும் ஒன்று சொல்கிறேன். கல்யாணமாகி வந்த புதிதில் உன் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கருவியை ஒரு தரம் கையில் எடுத்தேன். பிடுங்கிக்கொண்டு, "இதெல்லாம் உங்களுக்கு வராது அண்ணி, நீங்க பாருங்க" என்றாய். ஒன்பது வருஷம் பார்த்தேன். தட்டில் சாப்பாடு கொண்டுவந்து வைத்துவிட்டுப் பார்த்தேன். அன்றைக்குக் கூடத்தில் நான் வாய் விட்டுச் சிரித்தபோது, நீ உள்ளே வாளியோடு உட்கார்ந்திருப்பது எனக்கு நன்றாகத் தெரியும். அடக்கியிருக்கலாம். அடக்கவில்லை.

இதை ஈடு என்று எடுத்துக்கொள்ளாதே. நீ செய்தது பெரிது.

உன் அண்ணனிடம் சொல்லிவிட்டேன். "ரெண்டு பேருக்கும் வேற வேலை இல்லை" என்று எழுந்து போனவர், கொஞ்ச நேரம் கழித்து வந்து, "அவ சாப்பிடறாளான்னு கேளு" என்றார். கேட்டுவிட்டேன்.

சொந்தமாக ஒரு கணக்கு திறந்திருக்கிறேன். அடிமட்டத்திலிருந்து.

அண்ணி


ஜூலை 28

அண்ணி,

சாப்பிடுகிறேன். அண்ணனிடம் சொல்லுங்கள்.

இரண்டரை மாதமாக உங்களுக்கு எழுதாததற்குக் காரணம், கையில் சொல்ல எதுவும் இல்லை. இப்போது இருக்கிறது. தூங்குமூஞ்சி போன வாரம் கூப்பிட்டார். நாலு கடிதம் எழுதியிருந்தேன், நாலாவதுக்குத்தான் மனசு இறங்கியிருக்கிறது. ஒன்பது வருஷத்தில் அவரிடம் நான் வாயால் பேசியது அன்றைக்குத்தான். மன்னிப்புக் கேட்டு முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு, "ஒண்ணு சொல்லட்டுமாங்க? எனக்கும் வாந்திங்க" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"கண்ணாடி வந்த நாள்லேர்ந்து எனக்கும் ஒத்துக்கலை. ஆட்டத்துக்கு முன்னாடி ரெண்டு மாத்திரை போட்டுக்குவேன். அது தூக்கிட்டுப் போகும். கண்ணைத் தொறந்து வச்சுக்கறதே பெரும்பாடு. அதைத்தான் கேப்டன் மந்தமா நிக்கறான்னாரு. சொன்னா வெளிய அனுப்பிடுவாங்கன்னு பயம். நீங்க 'எனக்கு முடியலை'ன்னு தட்டிச் சொல்லிட்டு எந்திரிச்சுப் போனீங்க பாருங்க, அன்னிக்கு உங்க மேல அவ்வளவு பொறாமை எனக்கு. நமக்கு இந்தத் தைரியம் இல்லையேன்னு."

என்மேல் பொறாமைப்பட ஒரு ஆள் இருந்திருக்கிறார், அண்ணி. அதுவும் நான் குழியில் தள்ளிய ஆள். அவர் முழுதாக மன்னித்தாரா என்று தெரியாது. "பழைய ஆட்டம் டிவியில இன்னும் ஓடுது, வியாழக்கிழமை சும்மாத்தான் இருப்பேன்" என்று மட்டும் சொன்னார். வியாழக்கிழமை போனேன். புதுக் கணக்கு, ஒரு நட்சத்திரம்கூட இல்லை. எதிரணியில் எவனோ என் குரலைக் கேட்டு ஏதோ உளறினான். தூங்குமூஞ்சி, "விடுடா" என்றார். தோற்றுத்தான் போனோம்.

கேப்டன் இன்னும் பேசவில்லை. பேச வேண்டாம்.

உங்கள் புது அணி பெரிய போட்டிக்கு வந்துவிட்டதையும் பார்த்தேன். நாலு ஆட்டத்தையும் பார்த்தேன். பொறாமை போய்விட்டது என்று எழுதினால் நம்பாதீர்கள். நீங்கள் சுவரில் தாவும்போதெல்லாம் கை நழுவட்டும் என்று ஒரு நொடி நினைக்கிறேன். நினைத்துவிட்டு, மறுபடி ஓடவிட்டுப் பார்க்கிறேன். அப்படிப் பார்த்ததில் ஒன்று கண்ணில் பட்டது. எட்டிப் பார்ப்பதற்கு முன்னால் நீங்கள் எப்போதும் இடது தோளைத் தாழ்த்துகிறீர்கள். கிரேனில் கீழே பார்த்துப் பழகிய பழக்கமாக இருக்கும். அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி உங்களோடு மோதுகிற அணி அதைக் கண்டுபிடிக்காமல் இருக்காது. போன ஆட்டத்தில் ஒருத்தன் உங்கள் தோளைப் பார்த்தே இரண்டு தரம் முந்திச் சுட்டான், நூலிழையில் தப்பினீர்கள். தோளை அசைக்காமல், முதலில் தலையை மட்டும் திருப்புங்கள்.

இதை உங்களிடம் சொல்ல நாலு நாள் ஆயிற்று எனக்கு.

ஊசி